செலவாளி வீட்டில் ஒரு மழைக்காலம்

மழையில் நனைந்த சாக்குக்குள் பல்லாரி வெங்காயம் அழுகத் தொடங்கும்போது முதலில் ஓர் இனிப்பு வாடைதான் வரும். பழம் பழுத்திருக்கிறது என்று ஏமாந்து மூக்கை அருகே கொண்டுபோனால், அதற்கு அடியிலிருந்து வேறொன்று கிளம்பிக் கண்ணைக் கரிக்கும். நான் ஏழாம் வகுப்புப் படித்த ஆண்டின் ஐப்பசியும் கார்த்திகையும் எங்கள் வீட்டில் அந்த வாடையோடுதான் கழிந்தன. பள்ளிக்கூடச் சீருடையில், தலையணை உறையில், குடிக்கிற தண்ணீரில்கூட அது இருந்தது. சாமி படத்துக்கும் மாதா சுரூபத்துக்கும் சேர்த்து ஏற்றிவைத்த ஊதுபத்தியால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

சாமி படமும் மாதா சுரூபமும் ஒரே சுவரில் இருந்த வீடு எங்களுடையது. அப்பா சாயர்புரத்துப் பக்கம் பனங்காட்டு ஊரிலிருந்து தூத்துக்குடிக்கு வந்து, துறைமுகத்துக்குப் போகும் சாலையில் பலசரக்குக் கடை வைத்தவர். அம்மா கடற்கரைக்காரி, கத்தோலிக்கப் பெண்; கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குத் தோணி ஓட்டிய ஒரு தண்டலின் மகள். தோணி புறப்படும்போதெல்லாம் அரிசி பருப்பு வாங்க அப்பாவின் கடைக்குத்தான் அந்த வீட்டிலிருந்து ஆள் வரும். வந்தவர்களில் ஒருத்தி ஒருநாள் கடைக்காரருக்கே வாழ்க்கைப்பட்டுவிட்டாள் என்பதை இரண்டு குடும்பங்களும் வெகுகாலம் செரித்துக்கொள்ளவில்லை.

இரண்டு பக்கத்துப் பேச்சும் கலந்து கிடந்த வீடு என்பதால், ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பது எனக்குப் புதிதல்ல. அம்மாவுக்குக் 'குசினி', அப்பாவுக்கு 'அடுப்படி'. ஆனால் ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் இருந்ததுதான் குழப்பம். 'செலவு' அப்படிப்பட்ட சொல்.

அப்பாவுக்கு அது மகிழ்ச்சியான சொல். சரக்கு விற்றுத் தீர்ந்தால் அவர் விற்றது என்று சொல்லமாட்டார், 'செலவாயிட்டு' என்பார். பொங்கலுக்கு முந்தைய இரவு கடையைச் சாத்திவிட்டு வந்து, கால் கழுவிக்கொண்டே, "வெல்லம் பூராவும் செலவாயிட்டு" என்று அவர் சொல்லும்போது அந்தக் குரலிலேயே பண்டிகை தொடங்கிவிடும். அம்மாவுக்கு அது பயணத்தோடு சேர்ந்த சொல். அவளுடைய பிறந்த வீட்டில் ஆண்கள் தோணி ஏறும்போது பெண்கள் கையில் கொடுத்தனுப்புவது 'வழிச்செலவு'. கொடுக்க ஒன்றுமே இல்லாத நாளிலும் வெற்றிலையில் ஒரு நாணயத்தை மடித்தாவது கொடுப்பார்களாம். வெறுங்கையோடு போகிறவன் திரும்பிவர மறந்துவிடுவான் என்று ஒரு நம்பிக்கை. அதனால் அம்மா எவருக்கு எதைக் கொடுத்தாலும், அது திரும்பி வருகிற வழியில் இருக்கிறது என்பதுபோலத்தான் கொடுப்பாள்.

மூன்றாவது பொருள் கனியத்தையினுடையது. அப்பாவின் அக்கா, சிறுவயதிலேயே கணவனை இழந்து, சாயர்புரத்தில் தனியாக இருந்து, கருப்பட்டி வாங்கி விற்று, தம்பியைப் படிக்கவைத்துக் கடை வைக்கவும் முதல் கொடுத்தவள். அவள் வாயில் செலவு தனியாக வராது, கூடவே 'அழிவு' வரும். எங்கள் வீட்டில் எந்தப் புதிய பொருளைப் பார்த்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு அழிஞ்சுது?" புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றாலும் அதே கேள்விதான். பெரிய சீலா மீனை முழுசாக வாங்கி, பாதியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பிய அம்மாவைப் பார்த்துவிட்டு அவள் வைத்த பெயர்தான் 'செலவாளி'. அம்மாவை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. "எங்கலே உன் செலவாளி?" என்றுதான் தம்பியிடம் கேட்பாள். அம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டே காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுப்பாள்.

இன்றைக்கு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கச் செலவு என்ற தலைப்பின் கீழ்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப்பார்க்கும் ஆசை எனக்கு இயல்பாகவே வந்தது. தேடியபோது தெரிந்தது, மூன்று பேருமே சரியாகத்தான் பேசியிருக்கிறார்கள் என்பது. வேர் 'செல்'. போ என்று பொருள். பழந்தமிழில் செலவு என்றால் பயணம். காசுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பொருள் தேடிப் பிரிந்துபோக நினைத்தவன் மனைவியின் முகத்தைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போடுவதற்குச் 'செலவழுங்கல்' என்று பெயர். மனிதர்கள் போனதைச் சொல்ல இருந்த சொல் பிறகு காசு கையைவிட்டுப் போவதற்கும் ஆகிவந்தது. காசு நாலு பேரிடம் போய்வந்தால் 'செல்லும்', இல்லையென்றால் 'செல்லாக் காசு'. செலாவணி மட்டும் வடக்கிலிருந்து வந்த சொல் என்கிறார்கள்; இருக்கட்டும், வந்த இடத்தில் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. நம்மைவிட்டுச் செல்வதால்தான் செல்வம் என்று மேடையில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், நான் அதற்குச் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் 'செலவழி' என்ற வினையில் செல்வதும் அழிவதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பது கண்கூடு. காசு போவதா, அழிவதா என்ற சண்டை அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் அது அந்த மழைக்காலத்தில் வெளியே வந்தது.

அந்த ஆண்டு அப்பாவுக்கு ஒரு துணிச்சல் வந்திருந்தது. அதுவரை மற்றவர்கள் மாலத்தீவுக்கு அனுப்பும் சரக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், தானே அனுப்பினால் என்ன என்று நினைத்தார். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, அப்போது தண்டலாக இருந்த தோணியில் இடமும் கிடைத்தது. கடையின் முதல் முழுவதையும் போட்டுப் பல்லாரி வாங்கி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த கிட்டங்கியில் மூடை மூடையாக அடுக்கினார். தகரக் கூரை போட்ட பெரிய சரக்கறை அது. லாரியிலிருந்து மூடை இறங்கியபோது அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்ற தோரணை எனக்கு இன்னமும் கண்ணில் இருக்கிறது.

தோணியில் ஏற்றுவதற்கு முன்பே துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கூண்டு ஏறினால் தோணி நகரக் கூடாது. அந்தப் புயல் வேறெங்கோ கரையைக் கடந்து கூண்டை இறக்கினார்கள். மாமா ஆட்களைத் திரட்டுவதற்குள் அடுத்தது வந்து மறுபடி கூண்டு ஏறியது. இடையில் விடாத மழை. கிட்டங்கியின் தகரக் கூரை ஓரிடத்தில் ஒழுகியது. ஒழுகாத இடத்திலும் ஈரம் புகுந்தது. ஊரில் அனுப்பக் காத்திருந்தவர்கள் எல்லார் கிட்டங்கியிலும் பல்லாரிதான் என்பதால், உள்ளூர்ச் சந்தையில் அதைக் கேட்க நாதியில்லை. தெருவில் கொட்டிவைத்தால்கூட ஆள் எடுக்காத விலை. அப்பா காலையில் எழுந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கூண்டைப் பார்த்துவிட்டு வருவார். அந்த நாட்களில் அவர் வாயில் 'செலவாயிட்டு' என்ற சொல்லே வரவில்லை.

அம்மாவும் நானும் பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட பகல்களில் கிட்டங்கியில் உட்கார்ந்து மூடைகளை அவிழ்த்து, அழுகியதை ஒதுக்கி, நல்லதை வீட்டுக்குக் கொண்டுவந்து தரையெல்லாம் பரப்புவோம். கட்டிலுக்கு அடியிலும் பல்லாரிதான். அப்படி ஒருநாள் பரப்பிக்கொண்டிருந்தபோதுதான் கனியத்தை குடையோடு வந்து நின்றாள். விவரம் சாயர்புரம் வரை போயிருந்தது. வாசலில் நின்றே வீடு முழுக்கப் பார்த்தாள். அவளுடைய கருப்பட்டிக் காசும் அந்த வெங்காயத்துக்குள் இருந்தது என்பதால் அவள் முகம் வெளுத்ததைக் குற்றம் சொல்ல முடியாது.

"தோணியும் வேண்டாம், கடலும் வேண்டாம்னு சொன்னனா இல்லையா? செலவாளி வீட்டுக்குள்ள வந்தா கூடவே அழிவும் வரும்" என்றாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்தது வெங்காயத்தால் என்று காட்டிக்கொண்டேன். அம்மா மட்டும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். இத்தனை ஆண்டுகளில் அவள் அத்தைக்குப் பதில் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அதையும் சத்தமாகச் சொல்லவில்லை.

"செல்ல வேண்டிய சரக்கு மைனி. கடல் வழியாச் செல்லலைன்னா தரை வழியாச் செல்லட்டும். இருந்த இடத்துல இருந்தாத்தான் அழியும்."

அவள் மனதில் ஒரு திட்டம் இருந்திருக்கிறது. தருவைகுளத்தில் அவளுடைய அக்கா, எங்கள் லூர்துப் பெரியம்மா, வாழ்க்கைப்பட்டிருந்தாள். கூண்டு ஏறியதால் அங்கே படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. வீடுகளில் காசு இல்லை. காசு இல்லாத ஊருக்கு மழையில் வண்டி கட்டிக்கொண்டு போய் வெங்காயம் விற்க எந்த வியாபாரியும் தயாராக இல்லை. ஆனால் அந்த வீடுகளின் பரண்களில் கருவாடு இருந்தது. கருவாடு வாங்க வருகிறவர்களும் மழையால் வரவில்லை. அதுவும் ஈரம் பட்டுக் கெடுகிற நிலையில் இருந்தது. இங்கே வெங்காயம், அங்கே கருவாடு, இரண்டுமே போக வழியில்லாமல் கிடந்தன. கொண்டுபோய் மாற்றிக்கொண்டு, அந்தக் கருவாட்டைப் பச்சைமீன் கிடைக்காத, கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்கள் பக்கம் கொண்டுபோனால் என்ன என்று அம்மா கேட்டாள்.

அப்பா உடனே மறுத்தார். பலசரக்குக் கடைக்குள் கருவாடு வந்தால் சீனியிலும் பருப்பிலும் வாடை ஏறிவிடும் என்றார். உண்மையான காரணம் அதுவல்ல என்று அம்மாவுக்குத் தெரியும். கருவாடு அவள் பிறந்த பக்கத்துச் சரக்கு. அதை விற்றால் ஊரார் என்ன சொல்வார்கள் என்பதுதான் காரணம். உங்கள் கடைப்படியில் அது ஏறவேண்டாம், வண்டியிலேயே வந்து வண்டியிலிருந்தே போகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் காதிலிருந்த கம்மலைக் கழற்றி அடகுக்குக் கொடுத்து டெம்போ வைத்தாள். இரவு எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த அத்தை அதையும் பார்த்தாள். இன்னொரு அழிவு என்று அவள் கணக்கில் சேர்ந்திருக்கும்.

டெம்போவில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அப்பா. வரமாட்டேன் என்று சொன்னவர், மூடை ஏற்றி முடிந்ததும் ஏறி உட்கார்ந்துவிட்டார். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் மூடைகளோடு அம்மாவும் நானும். உப்பளங்கள் எல்லாம் ஒரே வெள்ளமாகி, பாத்தி எது சாலை எது என்று தெரியாமல் கிடந்த வழியில் டெம்போ ஊர்ந்து போனது. வழி நெடுக அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டே வந்தாள். இடையிடையே நிறுத்தி, எந்த மூடை ஈரமானது என்று கையை விட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கோயில் பக்கத்தில் டெம்போவை நிறுத்தியதும் பெரியம்மா ஓடிவந்தாள். அம்மா சொல்லியனுப்பியிருந்தபடி அவள் வீடுவீடாகப் போய்ச் சொல்லிவைத்திருந்தாள். பெண்கள் முக்காடிட்டுக்கொண்டு, கருவாட்டைப் பனையோலைப் பெட்டியிலும் பாலித்தீன் பையிலும் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். நெத்திலி, சாளை, வாளை, பெரிய துண்டுகளாகச் சீலா. அம்மா எல்லா மூடையையும் அவிழ்த்துக் கொட்டச் சொன்னாள். நல்லதை மேலே வைத்து அழுகலை அடியில் மறைக்கிற வழக்கம் வேண்டாம், நம்ம பிள்ளைகள் சாப்பிடப் போகிறது என்றாள். அழுகியது ஒதுங்கியது. மீதி போனது.

ஆனால் அம்மாவுக்கு மாற்றத் தெரிந்த அளவுக்கு நிறுக்கத் தெரியாது. எல்லாருக்கும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். முன்னால் உட்கார்ந்து கண்ணாடி வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கிழவி அவர் பக்கத்துக் கதவைத் தட்டி, அண்ணாச்சி, இந்த வாளைக்கு எவ்வளவு பல்லாரி தருவீர் என்று கேட்டதுதான் சாக்கு. இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தராசைப் பிடித்தார். பிடித்த கணத்திலிருந்து அவர் பழைய அப்பா. எந்தக் கருவாட்டுக்கு எவ்வளவு என்று ஒரே ஒழுங்கில் சொல்லிக்கொண்டு, கூட்டத்தை வரிசையில் நிறுத்தி, வாளை காய்ந்திருக்கிறதா என்று முறித்துப் பார்த்து, கொசுறாக இரண்டு வெங்காயம் போட்டு, சிரித்துக்கூடப் பேசினார். நனைந்துகொண்டே நின்ற அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. அவள் கவலைப்பட்டது வெங்காயத்துக்காக இல்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தருவைகுளத்தில் மிஞ்சியதை அதே கரையில் இருந்த கீழவைப்பாருக்குக் கொண்டுபோனோம். அங்கேயும் அதே கதை. திரும்பி வந்தபோது டெம்போவின் வாடை முற்றிலும் மாறியிருந்தது.

அடுத்து எங்கே என்ற கேள்வி எழுந்தபோது அப்பாவே சொன்னார், சாயர்புரம் என்று. மழைக்காலத்தில் பனங்காட்டு ஊர்களில் சூடான சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தால் வேறு எதுவும் கேட்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் நடமாடும் கடைத்தெருவில் கருவாட்டோடு நிற்பது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. ஆனாலும் நின்றார். முதலில் வந்தவர்கள் கருவாட்டைப் பார்க்காமல் அவரைத்தான் பார்த்தார்கள். பலசரக்குக்கடை அண்ணாச்சிக்கு இந்த நிலைமையா என்று ஒருவர் கேட்டார். சீலா நல்லா காய்ஞ்சது, எடுத்துக்கிடும் என்று மட்டும் அப்பா பதில் சொன்னார். அவர் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு கூட்டம் கூடிவிட்டது.

கூட்டத்தின் விளிம்பில் ஒரு கறுப்புக் குடை நின்றது. கனியத்தை. நெருங்கி வரவும் இல்லை, போகவும் இல்லை. தம்பி தெருவில் நின்று கருவாடு விற்பதைப் பார்க்கக் கூடாத காட்சியாக அவள் நினைத்திருக்கலாம். ஆனால் வியாபாரம் நடப்பதை ஒரு வியாபாரியால் பார்க்காமலும் இருக்க முடியாது. பெட்டிகள் காலியாகி, நெத்திலித் தூள் மட்டும் பாயில் மிஞ்சியபோதுதான் பக்கத்தில் வந்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"எவ்வளவுலே அழிஞ்சுது?"

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"ஒண்ணும் அழியலக்கா. எல்லாம் செலவாயிட்டு."

அத்தை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கம்மல் இல்லாத காதைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு, மழையில் நிற்காதே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா, உலை வைத்திருக்கிறேன் என்றாள். எங்கள் அம்மா கனியத்தை வீட்டில் முதன்முதலாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். இலையில் விழுந்ததும் அம்மா பிறந்த பக்கத்துக் கருவாடுதான்; அத்தை எங்கள் பாயிலிருந்தே காசு கொடுத்து வாங்கச் சொல்லி யாரையோ அனுப்பியிருக்கிறாள்.

பெரிய இலாபம் எதுவும் வந்துவிடவில்லை. அழுகியது அழுகியதுதான். ஆனால் போட்ட முதலின் பெரும்பகுதி திரும்பிவந்தது, கம்மல் திரும்பிவந்தது, கடை தப்பியது. கூண்டு இறங்கி மாமாவின் தோணி ஒருவழியாகப் புறப்பட்டபோது, கிட்டங்கியில் தேறி நின்ற சில மூடைகளையும் அப்பா அதில் ஏற்றிவிட்டார். அடுத்த ஆண்டு எங்கள் கடைக்கு அடுத்த அறையை வாடகைக்குப் பிடித்து அம்மா கருவாட்டுக் கடை வைத்தாள். தருவைகுளத்துச் சரக்கு வாரந்தோறும் வந்தது. கொள்முதல் அம்மா, தராசு அப்பா. அத்தை அவளை அதன் பிறகும் செலவாளி என்றேதான் சொன்னாள். ஆனால் வந்தவர்களிடம், "எங்க வீட்டுச் செலவாளி கையில கொடும், எந்தச் சரக்கும் நிக்காது" என்று சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் இருந்த முள் ஒடிந்திருந்தது.

அத்தை கடைசியாகப் படுத்தபோது அம்மாதான் சாயர்புரத்தில் போய்த் தங்கிப் பார்த்துக்கொண்டாள். தலையணைக்கு அடியில் ஒரு சுருக்குப்பை இருந்தது. அதை எடுத்து அம்மா கையில் வைத்து, சேர்க்கத் தெரிந்த அளவுக்கு எனக்கு விடத் தெரியவில்லை, நீ பார்த்துச் செலவு பண்ணு என்று சொன்னதாக அம்மா எங்களிடம் சொன்னாள். அந்தப் பணத்தில் நான் கல்லூரிக்குப் போனேன்.

இப்போது அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. கிட்டங்கி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பிரியாணி வாடைதான். கருவாட்டுக் கடையும் பலசரக்குக் கடையும் ஒன்றாகி, கைபேசி விற்கும் கடையாகிவிட்டன. காசு கைமாறும்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. தொகை வந்துவிட்டது என்று ஒரு பெட்டி கத்துகிறது. சரக்கு இப்போது 'சேல்' ஆகிறது, 'மூவ்' ஆகிறது. செலவு என்றால் இன்று எல்லாருக்கும் ஒரே பொருள்தான், அத்தையின் பொருள்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். போன வாரம் மொபெட்டில் மீன் கொண்டுவரும் தம்பி வாசலில் நின்றபோது, கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் செலவாயிட்டா?" என்று கேட்டாள்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "ஆமா ஆச்சி. மூத்தவனுக்கு ஃபீஸ் கட்டுனேன், பெட்ரோல் வேற. கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்கு" என்றான்.

நான் அவனுக்கு விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, கூடையில் மிஞ்சிக் கிடந்த சாளை அத்தனையையும் எங்கள் பாத்திரத்தில் கொட்டச் சொன்னாள். இரண்டு பேருக்கு அது மிக அதிகம். பக்கத்துக் கதவுகளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்பினாள்.